போக்கியக்காரன்

குன்னூரில் கையில் நாலைந்து லட்சம் மட்டும் வைத்திருப்பவனுக்கு இடம் கிடைக்காது. பெட்போர்டு பக்கமோ சிம்ஸ் பூங்கா மேட்டிலோ சென்ட் விலை கேட்டுப் பாருங்கள். புரோக்கர் நம் செருப்பைப் பார்த்துவிட்டே பேச்சை மாற்றிவிடுவார். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள், வெலிங்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் மலையை விட்டு இறங்க மனசில்லாத பட்டாளத்து அதிகாரிகள், இவர்களெல்லாம் விலை பேசுகிற ஊர் இது. லோயர் குன்னூரில் பிறந்த ஒரு வயரிங் வேலைக்காரன் இந்த வரிசையில் எங்கே போய் நிற்பது? நான் போக்கியத்தில் போய் நின்றேன். இன்றுவரை என் பெயரில் மலையில் ஒரு சென்ட் இடம் கிடையாது. மாதம் பிறந்தால் வாடகை வருகிறது.

போக்கியம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். வீட்டுக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கிறோம். அவர் வட்டி தர வேண்டாம், நாம் வாடகை தர வேண்டாம். கெடு முடிந்ததும் அவர் பணத்தைத் திருப்புகிறார், நாம் சாவியைத் திருப்புகிறோம். பெரும்பாலானவர்கள் குடியிருக்கத்தான் போக்கியம் எடுக்கிறார்கள். நான் எடுப்பது மேல்வாடகைக்கு விடுவதற்கு. பத்திரத்தில் ‘போக்கியதாரர் தானே அனுபவிக்கலாம், பிறருக்கு வாடகைக்கு விட்டும் அனுபவிக்கலாம்’ என்று ஒரு வரி சேர்ந்தால் போதும்.

என் கணக்கு லட்சத்துக்கு மாதம் ஆயிரம். ஐந்து லட்சம் கேட்கிறார் என்றால் வீடு ஐயாயிரம் வாடகைக்காவது போக வேண்டும். வருஷத்துக்கு 60,000. பழுது, வீட்டு வரி, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாவற்றுக்கும் 15,000 ஒதுக்கினால் கையில் 45,000 நிற்கும். நூற்றுக்கு ஒன்பது. “பேங்குல போட்டா ஏழு வருது. ரெண்டு வட்டிக்காகவா இந்த அலைச்சல்?” என்று என் வீட்டம்மா ஆரம்பத்தில் கேட்டாள். கேள்வி நியாயமானது. ஐயாயிரத்துக்குப் போகிற வீட்டை நான் கை வைத்தபின் ஏழாயிரத்துக்கு விட முடிந்தால் அதே செலவு போக 69,000 நிற்கும். நூற்றுக்குப் பதின்மூன்றைத் தாண்டிவிடும். வயரிங், பெயிண்ட், ஓட்டை அடைப்பது எல்லாம் என் சொந்தக் கைவேலை. கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிறவருக்கு இந்தத் தொழில் கட்டாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தை மட்டும் போட்டுவிட்டு உட்கார நினைப்பவர்கள் பேங்குக்கே போகலாம்.

வயரிங் வேலைக்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வீட்டுக்காரரே ஏறிப் பார்க்காத பரணிலும் ஓட்டுக்கடியிலும் அவன் ஏறியிருப்பான். எந்த வரிசையில் மங்களூர் ஓடு நிற்கிறது, எந்த வீட்டில் ஷீட்டு மாற்றியிருக்கிறார்கள், எந்தச் சுவரில் டெஸ்டர் வைத்தால் ஈரத்தில் விளக்கு மினுக்குகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். முதல் வீடு அப்படித்தான் வந்தது. மவுண்ட் ரோட்டுக்குக் கீழே படி இறங்கிப் போகிற வரிசையில் ஒரு ஓய்வு பெற்ற டீச்சரம்மா. மகன் கோயம்புத்தூரில் பிளாட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறான். வீட்டை விற்க டீச்சருக்கு மனசில்லை. “பூட்டிப் போட்டா கரையான் தின்னுடும், வாடகைக்கு விட்டா மாசாமாசம் வந்து வசூல் பண்ண என்னால முடியாது. நீயே எடுத்துக்கப்பா” என்றார். அந்த வீட்டு மெயின் போர்டை மாட்டியதே நான்தான். பேரம் பேசாமல் எடுத்தேன். விற்க மனசில்லாத, இருக்கவும் முடியாத ஆட்கள் இந்த மலையில் நிறைய. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போகப் போக இன்னும் கூடுகிறார்கள். இந்தத் தொழிலுக்கு வீடு வருவது அவர்களிடமிருந்துதான்.

ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் நான் வாசலில் நுழைவதில்லை. நேராகப் பின்பக்கம் போவேன். மலையை வெட்டித் தட்டு எடுத்து வீடு கட்டுகிற ஊரில் எல்லா வியாதியும் பின்சுவரிலிருந்துதான் வரும். வெட்டிய மண்ணுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் போகிற சந்தும் அதில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்காலும் இருந்தால் அது புத்தியுள்ளவர் கட்டிய வீடு. மண்ணையே சுவருக்கு அணைத்துக் கட்டியிருந்தால் உள்ளே எத்தனை வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடித்தாலும் ஆறு மாசத்தில் ஓதம் பூத்து உதிரும். அடுத்தது தடுப்புச் சுவர். கருங்கல்லில் கட்டி, தண்ணீர் வெளியேற இடையிடையே குழாய் விட்டிருக்க வேண்டும். அந்தக் குழாய்கள் அடைத்துப் புல் முளைத்திருந்தால், சுவர் வயிறு தள்ளியிருந்தால், திரும்பிவிடுவேன். அந்தச் சுவருக்குப் பின்னால் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கிறது.

இதில் எனக்குச் சமரசம் கிடையாது, காரணம் நாங்கள் பார்த்த மழை. கூடலூர், பந்தலூர் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை பெரிது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்கு. ஐப்பசி, கார்த்திகையில்தான் எங்களுக்குப் பரீட்சை. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மேட்டுப்பாளையம் ரோடே சரிந்து போனது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மழையில் மாவட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் பலர் தூக்கத்தில் போனவர்கள். மாவட்ட நிர்வாகம் மழைக்காலத்தில் அபாயமான இடங்கள் என்று 283 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறது. புதிதாக ஒரு வீடு வந்தால் அந்த இடம் பட்டியலில் உண்டா என்று வி.ஏ.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுவேன். அதைவிட நம்பகமான வழி, பக்கத்து வீட்டுக் கிழவியிடம் 2009-ல் அந்த ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேட்பது. “இங்கதான், வேற எங்க” என்றால் சரி. “பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் வெச்சாங்க” என்றால் அந்த வீடு எனக்கு வேண்டாம்.

பின்சுவருக்கு அடுத்தது படி. சமவெளிக்காரர்களுக்கு இது புரியவே புரியாது. ரோட்டிலிருந்து எத்தனை படி இறங்க வேண்டும் என்பதுதான் இங்கே வாடகை. வண்டி வாசல் வரை போகிற வீடும், அதே அளவில், அதே ஓட்டில், எண்பது படி கீழே இருக்கிற வீடும் ஒரே வாடகைக்குப் போகாது. வாடகையோடு நிற்பதுமில்லை. சிமெண்ட் மூட்டையை ரோட்டில் இறக்கிவிட்டு லாரி போய்விடும். அங்கிருந்து சுமந்து இறக்குகிற கூலி சில சமயம் சரக்கு விலையைத் தொட்டுவிடும். ஒரு யூனிட் மணல் என்றால் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கேஸ் சிலிண்டருக்குத் தனிக்காசு. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரியின் ஹோஸ் எட்டுகிற தூரம் இருக்க வேண்டும். இந்த ஒன்றைக் கேட்காமல் வீடு எடுத்த நண்பர் ஒருவர் வாடகையில் பாதியை அதற்கே கொடுத்தார். ஆனாலும் படி வீடுகளை நான் ஒதுக்குவதில்லை. போக்கியத் தொகை குறைவு, போட்டிக்கு ஆள் இல்லை. பொருள் சுமக்காத வேலையாக இருந்தால், அதாவது வயர், சுவிட்ச், பெயிண்ட் மட்டும் போதுமென்றால், படி வீடுதான் எனக்கு லாபம்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்கு ரேலியா அணைத் தண்ணீர். கோடையில் முறை வைத்து விடுவார்கள், நாட்கள் இழுக்கும். வாடகைக்கு வருகிறவர் முதலில் கேட்பது தண்ணீர்தான். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றும், ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து விடுகிற தகரத் தாழ்வாரமும் வைத்துவிட்டால் வாடகையில் ஐந்நூறு கூட்டிக் கேட்கலாம், முகம் சுளிக்க மாட்டார்கள். மின்சாரத்தில், வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருந்தால் அந்த நூறும் பகிர்ந்துபோய், மேல்படி விகிதமும் ஏறி, மாசாமாசம் சண்டை. அதனால் போக்கியம் எழுதும்போதே ஒரு போர்ஷனுக்கு ஒரு இணைப்பு என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். அடுத்தது மிருகங்கள். காட்டெருமை வரும், கதவைப் பூட்டிக்கொண்டால் அது பாட்டுக்குப் போய்விடும். கரடி அப்படி இல்லை, எண்ணெய் வாசனைக்குச் சமையலறைக் கதவையே பெயர்க்கும். தோட்டத்தை ஒட்டின வீடென்றால் பின்கதவுக்குத் தகரம் அடித்துவிடுவது என் வழக்கம்.

வாடகைக்கு யார் வருகிறார்கள்? ராணுவக் கல்லூரிக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கும் குவார்ட்டர்ஸ் உண்டு, அவர்கள் என்னிடம் வர மாட்டார்கள். வருகிறவர்கள் அருவங்காடு கார்டைட் பேக்டரியில் காண்ட்ராக்டில் இருக்கிறவர்கள், தனியார் பள்ளி ஆசிரியைகள், நர்சுகள், டாக்சி டிரைவர்கள். அவர்களோடு எஸ்டேட்டிலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்கள். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குக் குடியிருப்பு தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1951-ல் சட்டம் வந்தது. அந்த லைன் வீடு வேலையோடு ஒட்டினது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1964-ல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அரசு தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. அது பிறகு டான்டீ ஆனது. அங்கேயும் இதே கதை. பாட்டன் கண்டியில் லயத்தில் பிறந்தார், அப்பா கொளப்பள்ளியில் லைனில் செத்தார், மகன் அறுபது வயதில் பி.எஃப். பணத்தோடு என் முன்னால் நிற்கிறார். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர், இப்போதுதான் முதல்முறையாக வீடு தேடுகிறார். வாடகையை முதல் தேதிக்கு முன்னாலேயே கொண்டுவந்து தருவது இவர்கள்தான். முன்பணத்தில் நான் இவர்களிடம் கறார் பேசுவதில்லை. எப்படியும் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதியவும் வேண்டும். பாதிப் பேர் இன்னமும் வாய்ப்பேச்சில்தான் ஓட்டுகிறார்கள்.

இனிப் பத்திரம். இங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள். சொத்து மாற்றுச் சட்டம் 1882-லிருந்து இருக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானத்துக்குப் பதிவு செய்த பத்திரமும் இரண்டு சாட்சியும் வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நம் ஆட்களோ ஐந்து லட்சத்தை வெறும் முத்திரைத்தாளில் எழுதி, ‘லீஸ் அக்ரிமெண்ட்’ என்று தலைப்புப் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பதிவுச் செலவு மிச்சமாம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கோர்ட்டில் பணம் கேட்டு அலையலாம். வீட்டில் உட்காரும் உரிமை நிற்குமா என்பது வேறு விஷயம். வீட்டுக்காரர் பேங்கில் வீட்டை வைத்துக் கடன் வாங்கி, தவணை கட்டாமல் விட்டால், 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தில் பேங்க் நேராக வந்து வீட்டைக் கையில் எடுக்கும். வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிற அன்றுதான் பீரோவில் இருக்கும் தாளின் எடை தெரியும்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது இன்று சுலபம், பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கிறது. ஆனால் பதிந்தது மட்டும்தான் அதில் வரும். பதியாத போக்கியம் வராது. சேட்டுக் கடையில் மூலப்பத்திரத்தை வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் வராது. அதனால் நான் சான்றைப் பார்த்தபிறகும் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பேன். ஜெராக்ஸ் ஆகாது. “பெட்டியில எங்கயோ இருக்கு தம்பி, தேடணும்” என்றால், தேடி எடுத்தபின் வருகிறேன் என்று எழுந்துவிடுவேன். மூலப்பத்திரம் என் கைக்கு வந்து, போக்கியம் முடிகிற வரை என்னிடம் இருப்பது நல்லது. பணம் பேங்க் வழியாகத்தான். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடனோ முன்பணமோ வாங்கக் கூடாது என்று வருமானவரிச் சட்டம் சொல்வது ஒருபுறம். வாங்கினதையே இல்லை என்று சொல்ல முடியாது என்பது எனக்கு முக்கியம்.

பழுதுச் செலவை யார் தலையில் வைப்பது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். வீடு விழாமல் காக்கச் செய்த செலவு வேறு. டைல்ஸ் ஒட்டினேன், மாடுலர் கிச்சன் வைத்தேன் என்றால் அதற்கு வீட்டுக்காரர் ஒரு பைசா தர வேண்டியதில்லை, முன்கூட்டி ஒப்புக்கொண்டு எழுதியிருந்தால் ஒழிய. நான் கழற்றிக்கொண்டு போகிற பொருள்களாகத்தான் போடுவேன். கீசர், சின்டெக்ஸ், சப் மீட்டர், தகரத் தாழ்வாரம் எல்லாம் போக்கியம் முடிந்தால் என் கூட வந்துவிடும்.

இடம் ஒருத்தருடையது, மேலே நிற்கும் கட்டடம் இன்னொருத்தருடையது என்கிற வீடுகளும் வரும். குறைந்த தொகைக்கு வரும், ஆசை காட்டும். கண்டோன்மெண்ட் எல்லைக்குள் ‘ஓல்டு கிராண்ட்’ என்று ஒரு வகை உண்டு. நாடு முழுக்கக் கண்டோன்மெண்ட்களில் இது இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. நிலம் அரசுடையது, கட்டடம் மட்டும் வைத்திருப்பவருடையது. அரசு நினைத்தால் கட்டடத்துக்கு ஈடு கொடுத்துவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். கோயில் அடிமனையும் இதே ஜாதி. ஸ்ரீரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் சொந்த வீட்டை விற்கவோ பதியவோ முடியாமல் போராடியது ஊரறிந்த சங்கதி. குத்தகைக்காரர் கட்டின வீட்டுக்கடியில் இருக்கிற மண்ணை அவரே விலைக்குக் கேட்கலாம் என்று 1922-லேயே சென்னையில் ஒரு சட்டம் வந்தது. கோயில் நிலத்துக்கு அது செல்லாது என்று 1996-ல் திருத்திவிட்டார்கள். புறம்போக்கில் நிற்கிற தகரக்கொட்டகைக்குக்கூட இங்கே போக்கியம் பேசுகிறார்கள்! வீட்டு வரி ரசீதைக் காட்டி, “பாருங்க, நகராட்சியே வரி வாங்குது” என்பார்கள். வரி ரசீது பட்டா ஆகாது. இந்த வகைகளில் நான் இறங்குவதில்லை.

என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கிறான். என் தொழிலைக் கேட்டுவிட்டு, “அண்ணா, இங்கயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு” என்றான். அங்கே தொழிற்சாலையில் செய்து சக்கரத்தில் இழுத்து வருகிற வீடுகள் உண்டு; அவற்றை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிற காலனியைப் பார்க் என்கிறார்கள். வீடு குடியிருப்பவருடையது, அதன் அடியில் இருக்கிற இடம் பார்க் முதலாளியுடையது. இடத்துக்கு மாத வாடகை. லோனி ஸ்க்ரக்ஸ் என்று வர்ஜீனியாக்காரர் ஒருவர், இந்தப் பழைய வீடுகளைச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கி, இருந்த இடத்திலேயே, பேங்க் கடன் கிடைக்காத கூலிக்காரர்களுக்குத் தவணையில் விற்றே காசு பார்த்தார். அதை ‘டீல்ஸ் ஆன் வீல்ஸ்’ என்று புத்தகமாகவும் எழுதினார். அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான சின்ன ஆட்கள் இதில் இறங்கினார்களாம். வீடு செய்த தேதியைப் பார்க்க வேண்டும், 1976 ஜூன் 15-க்கு முன்னால் செய்தது என்றால் அரசாங்கத் தர விதி வருவதற்கு முந்தியது, பல பார்க்கில் சேர்க்கவே மாட்டார்கள் என்றெல்லாம் சொன்னான். கேட்கக் கேட்க எனக்குப் பின்சுவர்தான் ஞாபகம் வந்தது. ஊருக்கு ஊர் பார்க்கிற இடம் வேறு, பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது ஒன்றே.

அவன் சொன்னதில் என்னை உலுக்கியது வேறு. சக்கரத்தில் வந்த வீடு என்று பேரே தவிர, ஒருமுறை நிறுத்தினால் அதை நகர்த்த ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். அது பார்க் முதலாளிக்கும் தெரியும். அதனால் இட வாடகையை ஏற்றிக்கொண்டே போவார். சமீப காலமாகப் பெரிய முதலீட்டுக் கம்பெனிகள் பார்க்குகளை மொத்தமாக வாங்கி வாடகையை ஏற்றுகின்றன. நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் குடியிருப்பவர்களே கூட்டுறவு சேர்ந்து பார்க்கை விலைக்கு வாங்குகிற வழக்கம் 1984-ல் தொடங்கி நன்றாக நடக்கிறதாம். எங்கள் சிறு தேயிலை விவசாயிகளுக்கு இன்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு 1965-லேயே வந்தது. வீட்டுக்கு அப்படி ஒன்று இந்த மலையில் யாரும் யோசிக்கவில்லை.

போக்கியத்தில் இடவாடகைப் பயம் இல்லை. எங்கள் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கெடு முடிகிற அன்று வீட்டுக்காரரிடம் பணம் இருக்காது. இருக்கவே இருக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே மகளுக்குக் கல்யாணமோ மகனுக்கு அட்மிஷனோ ஆகிவிட்டிருக்கும். அவர் நம் பணத்தைத் திருப்புவது அடுத்த போக்கியக்காரரிடம் வாங்கித்தான். அடுத்த ஆள் வருகிற வரை நாம் காத்திருக்க வேண்டும். வீடு நன்றாக இருந்தால், ஊரில் கிராக்கி இருந்தால், ஆள் வருவார், சங்கிலி ஓடும். ஒரு கண்ணி அறுந்தால் கடைசியில் நிற்பவர் கையில் பூட்டுச் சாவி மட்டும்.

தென்கொரியாவில் இதே போக்கியம் ‘ஜொன்சே’ என்ற பெயரில் நாடு முழுக்க நடக்கிறது. வீட்டு விலையில் பாதியும் அதற்கு மேலும் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார்கள். விலை ஏறுகிற வரை எல்லாரும் சௌக்கியம். 2022-ல் விலை இறங்கியதும் அடுத்த ஆள் கொடுக்கிற தொகை முந்தின ஆளுக்குப் போதவில்லை. நூற்றுக்கணக்கில் வீடு வைத்திருந்த முதலாளிகள் கைவிரித்தார்கள். 2023-ல் பணம் இழந்த இளம் வயதுக்காரர்கள் சிலர் உயிரையே விட்டபிறகு, பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தனிச்சட்டம் போட வேண்டி வந்தது. அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்குத் தூக்கம் கெட்டது உண்மை. நம் ஊரில் ஒருத்தர் ஒரு வீட்டைப் போக்கியத்துக்கு விடுகிறார், அங்கே ஒருத்தரே நூறு வீட்டை விட்டார் என்பதுதான் வித்தியாசம்.

அதனால் வீட்டைப் பார்த்துப் பணம் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பணம் போவது ஒரு மனிதருக்கு. அவருக்கு வேறு வருமானம் உண்டா, பென்ஷன் வருகிறதா, எத்தனை பிள்ளைகள், அண்ணன் தம்பி பாகம் பிரித்தாயிற்றா, குடிக்கிறாரா? இதைத்தான் நான் அதிகம் விசாரிக்கிறேன். பாகம் பிரியாத வீடு என்றால் எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற தம்பி ‘அண்ணன் பார்த்துப்பார்’ என்று போனில் சொன்னால் நடக்காது. தொகையில் எப்போதும் கீழே நிற்பேன். வீடு ஐந்து தாங்கும் என்றால் நாலரைக்குத்தான் எடுப்பேன், அடுத்து வருகிறவர் ஐந்து கொடுத்து என்னை விடுவிக்கட்டும் என்று. போக்கியத் தொகையை ஏற்றிக் கொடுத்து வீட்டைப் பிடிப்பவன் வெளியே வருகிற வாசலைத் தானே அடைக்கிறான்.

மீட்பது அவருடைய உரிமை என்பதையும் மறக்கக் கூடாது. ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, இனி வீடு நமக்குத்தான் என்று கணக்குப் போடுகிற போக்கியக்காரர்கள் உண்டு. 2014-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை அடித்துவிட்டது: அனுபவ அடமானத்தில் காலம் எத்தனை போனாலும் பணத்தைக் கொடுத்தால் வீடு திரும்ப வேண்டும். நியாயம்தான். டீச்சரம்மாவின் வீட்டை மகன் பணம் கொண்டுவந்தபோது வெள்ளையடித்துக் கொடுத்தேன். அவன் அதைப் பிறகு விற்கும்போது வாங்கியவரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் மூலமாக இரண்டு வீடு வந்தது.

எல்லாரும் என்னிடம் கேட்கிற இன்னொரு கேள்வி, “ஏன் ஹோம்ஸ்டே போடல?” சீசனில் ஒரு ராத்திரிக்கு வருகிற காசு என் குடித்தனக்காரர் அரை மாசத்துக்குத் தருகிற காசு என்பது உண்மை. ஆனால் அதற்கு உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று படியேற வேண்டும். என் பேரில் இல்லாத வீட்டுக்கு இதெல்லாம் எப்படி வாங்குவது? 2018 ஆகஸ்டில் மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் 27 விடுதிகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவில் சீல் வைத்ததை மலை மறக்கவில்லை. 2024 மே 7-லிருந்து மலையேற இ-பாஸ். அடுத்த சீசனில் வாரநாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டிக்கு மேல் விடுவதில்லை என்று உயர் நீதிமன்றம் வரம்பும் போட்டது. டூரிஸ்டை நம்பிப் பெரிய தொகைக்குப் போக்கியம் எடுத்தவர்கள் அந்த வருஷம் படாத பாடு பட்டார்கள். கார்டைட் பேக்டரி சங்கு ஊதுகிற வரை என் வாடகைக்காரருக்கு இ-பாஸ் வேண்டாம்.

என்னோடு வயரிங் வேலைக்கு வருகிற பையன்களில் ஒருவன், இருபத்தைந்து வயது, இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறான். “எனக்கும் ஒரு வீடு பாத்துக் குடுங்கண்ணா” என்கிறான். காட்டேரிப் பக்கம் ஒரு ஒற்றை ரூம், சமையலறை வீடு வந்திருக்கிறது. படி அதிகம், ஓடு நல்ல ஓடு, சந்தும் வாய்க்காலும் இருக்கின்றன. மூலப்பத்திரம் கையில் உண்டு, வில்லங்கத்தில் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் ரெண்டேகால் கேட்கிறார். வாடகை ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் போகாது. ஒன்றேமுக்கால் என்று சொல்லச் சொன்னேன். மழை முடியட்டும், தையில் பேசிக்கொள்ளலாம் என்கிறார் அவர். இல்லை, கார்த்திகையில் ஒரு தடவை மழையோடு வந்து பார்த்துவிட்டுப் பேசுகிறோம் என்று பதில் அனுப்பியிருக்கிறோம்.